மூன்று குலுக்கல்

"அக்கா, இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா? தினமும் சாயங்காலம் ஒரே இடத்துல மூணு தடவை குலுங்குறான்!"

சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி, வயதில் சின்னவன், திரையை அவள் பக்கம் திருப்பினான். ஓட்டுநர்களின் கைப்பேசிகள் உணரும் ஒவ்வொரு குலுக்கலும் அந்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். புள்ளிகள் சேர்ந்தால் அங்கே பள்ளம் என்று பொருள்.

"பள்ளம்னு நம்பி ரெண்டு தடவை தார் வண்டியை அனுப்பிட்டேன். போனவங்க வந்து என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. அங்க ஒரு வேகத்தடைதான் இருக்காம். இவன் அதுல முன்னாலயும் பின்னாலயும் ஏறி இறங்கி விளையாடுறான்!"

அன்றைய மூன்று புள்ளிகள் விழுந்ததுமே கிளம்பப் பையைத் தேடிய அவள் கை, பாதியில் நின்றது.

"அது எங்க வீட்டு கார்தான் தம்பி. என் வீட்டுக்காரர் ஆரம்பிச்சு வச்ச பழக்கம். வேலை பாத்தது போதும், கிளம்பி வான்னு அர்த்தம்."

"அடக் கடவுளே! போன்ல கூப்பிட்டா ஆகாதா?"

"போன்ல கூப்பிட்டா 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டு இங்கேயே உக்காந்திருப்பேன். இதுன்னா கண்ணு முன்னாடி வந்து நிக்குமே."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க. ஆனா மேலிடத்துல என்னைக் கேள்வி கேக்குறாங்க. நாளையிலேருந்து அந்த போனைக் கணக்குல சேக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க."

"எனக்கு மட்டும் தெரியற மாதிரி வைக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"அந்தப் புள்ளி இல்லேன்னா எனக்கு வீட்டுக்குப் போகவே தோணாது தம்பி."

"அதான் வீட்டுல ஆள் இருக்காரே, நேர்ல வந்து இழுத்துட்டுப் போவாரு!" என்றான் அவன், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

அவளும் சிரித்து வைத்தாள். இறங்கி வரும்போது படிகள் கலங்கலாகத் தெரிந்தன.

தெருமுனையில், வேகத்தடையைத் தாண்டி ஓரமாகக் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இனிமே இது வேண்டாமாம். ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்க."

ஸ்டீயரிங்கைப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன.

"அவன் இருந்தவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் மாமனார். "அவனை மாதிரி ஏத்தி இறக்க எனக்கு வரலையோ?"