மர ஸ்கேல்

ஒன்றாம் வகுப்பில் விசாலம் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, சிலேட்டில் 'அ' எழுத வைப்பார். கடைசி வரிசைக்கு வருமுன் மேசைக்குப் போய் மர ஸ்கேலை எடுத்துக்கொள்வார். அங்கே உட்கார்ந்திருந்த மாரிக்கனியின் மணிக்கட்டை அதன் நுனியால் தள்ளித் தள்ளியே சுழி போட வைத்தார். அவளும் எல்லாருக்கும் முந்தி எழுதக் கற்றுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் தம்பிக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாள். அவன் கையில் பல்பம், அவள் கையில் விளக்குமாற்றுக் குச்சி.

"குச்சியால ஏன்டி தள்ளுற? கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடு," என்றாள் அம்மா.

"அது முன்னால உக்கார்ற பிள்ளைங்களுக்கும்மா. நமக்கு ஸ்கேல்தான்."

அம்மா குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை எந்தப் பக்கம் கொண்டுபோனால் 'அ' வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.