ஆறு கொக்கிகளும் ஒரு வார்த்தையும்

"இறக்குங்கய்யா என்னை!"

அந்தரத்தில் தொங்கியபடி ஓவியர் கத்தினார். கூட்டம் கைதட்டியது.

முதுகுத் தோலில் ஆறு கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கப்பி. பழைய கிடங்கின் நடுவே, பத்தடி உயரத்தில் அவர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒரு கோடுகூட வராத மனிதர். உடம்பைத் தொங்கவிட்டால் கற்பனை இறங்கிவரும் என்று யாரோ சொல்ல, அதைச் சடங்காக்கி, நிகழ்ச்சியாக்கி, நுழைவுச்சீட்டும் அடித்துவிட்டார்.

கற்பனை இறங்கிவிட்டது. அவரால்தான் இறங்க முடியவில்லை.

மேலிருந்து பார்த்தால் கூட்டம் முழுக்க வெறும் தலைகள். வகிடுகள் ஆறுகளாக ஓடின, வழுக்கைகள் தீவுகளாக மிதந்தன. முன்வரிசையில் மனைவியின் புதுப் புடவையில் ஒரு நீலத் தீற்றல். காலையிலும் ஒன்றும் வராமல் அவர் பிரஷ் துடைத்த இடம். "வழியில வச்சா துடைக்கத்தான் செய்வேன்" என்று அந்த வழக்கை அப்போதே முடித்துவைத்திருந்தார். இப்போது அந்த நீலத்தைச் சுற்றித்தான் முழுப் படமும் கூடி நின்றது.

"மாஸ்டர், படம் வந்துடுச்சுய்யா! கலையறதுக்குள்ள வரையணும், இறக்கு!"

கயிற்றைப் பிடித்திருந்த மாஸ்டர் அசையவில்லை. "வார்த்தையைச் சொல்லுங்க சார்."

அது ஓவியரே போட்ட சட்டம். ஒத்திகையில் அவர் வலியில் அலற, மாஸ்டர் பதறிப்போய் இறக்கிவிட்டார். "கத்தினா இறக்கிடுவியா? எல்லாம் உன்னாலதான் கெட்டுச்சு!" என்று எகிறியவர், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தே போட்டார். உடம்புக்கு ஆபத்து என்று கூட இருக்கும் நர்ஸ் சொன்னால் இறக்கலாம். மற்றபடி அழுதாலும் திட்டினாலும் கூடாது. குறிப்பிட்ட ஒரு வார்த்தையைச் சொன்னால் மட்டும். யாரும் எடுத்துக்கொடுக்கவும் கூடாது. வாய்தவறிக்கூடத் தன் வாயில் வந்துவிடாத வார்த்தையாக அவரே தேர்ந்தெடுத்தார். மனைவி சாட்சிக் கையெழுத்து.

அந்த வார்த்தைதான் இப்போது மறந்துபோயிருந்தது.

"போதும்!"

"இல்ல சார்."

"நிறுத்து!"

"இல்ல சார்."

"முட்டைக்கோஸ்! ஒட்டகச்சிவிங்கி! யோவ், நாசமாப் போறவனே!"

"அதுவும் இல்ல சார்."

இரண்டாம் வரிசையில் ஒரு விமர்சகர் 'மொழியின் சிதைவு' என்று குறித்துக்கொண்டு அடிக்கோடிட்டார். நர்ஸ் ஏணியில் ஏறி நாடி பார்த்தாள். "சூப்பரா இருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

படம் கலையத் தொடங்கியது. ஆறுகள் ஒவ்வொன்றாக வகிடுகளாயின. தீவுகள் மறுபடி வழுக்கைகளாயின. நீலம் ஒன்றுதான் மிச்சம்.

"நீ சுத்திவிட்ட சுத்துலதான் மறந்துபோச்சு! நர்ஸம்மா ஏணியை ஆட்டினதுல இருந்த கொஞ்சமும் போச்சு!" சுழன்று மனைவி பக்கம் திரும்பும்வரை காத்திருந்து கத்தினார். "ஏய், உனக்குத் தெரியுமில்ல? சொல்லித் தொலையேன்!"

"நீங்களா சொல்லணுங்க" என்றாள் மனைவி. "நானும் காலையிலேர்ந்து காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எல்லாரும் சேர்ந்து என் படத்தைக் கொன்னுட்டீங்க!" என்று கத்திக்கொண்டே அவர் அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் திரும்பிப் போனார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்து நாற்காலிப் பெண் மனைவியின் காதருகே குனிந்தாள். "பாவமா இருக்குக்கா. அப்படி என்னதான் அந்த வார்த்தை?"

மனைவி புடவையின் நீலக் கறையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"'மன்னிச்சிடு.'"