உள்ளே போன தொப்பை

"உங்க தொப்பை கரைஞ்சதை எங்க ஓனர் கண்ணால பாக்கணுமாம் அண்ணே. இல்லேன்னா நாளையிலேர்ந்து எனக்கு வேலை இல்லை!"

உடற்பயிற்சிக் கூடத்தின் பெண் பயிற்சியாளர் இதைச் சொன்னபோது, தொப்பையண்ணன் கண்ணாடி முன்னால் நின்று பனியனை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கைக்கடிகாரக் கடையில் விற்பனையாளர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. அது தெருவில் யாருக்கும் நினைவில்லை.

"உன் வேலைக்கு நான் கேரண்டி, மாஸ்டர். இப்பப் பாரு."

"சரி, மூச்சை விடுங்க. முழுசா விடுங்க... ம், இழுங்க!"

அவ்வளவுதான். வயிறு விலா எலும்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மாவா? புதிதாக வந்தவளை நம்பிச் சேர்ந்த முதல் ஆள் இவர். ஓடச் சொன்னால் மூட்டுவலி என்பார். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் காதே கேட்காது. ஆனால் இந்த வயிறு இழுக்கிற பயிற்சி என்றால் மட்டும் அவருக்கு உயிர். மழையோ வெயிலோ, வந்துவிடுவார். இப்போதெல்லாம் அவர் யோசிப்பதற்கு முன்பே, அவள் குரலுக்கு வயிறு கட்டுப்பட்டுவிடுகிறது. சாதாரணமாக நிற்கும்போதே பாதித் தொப்பையைக் காணோம்.

"இவ்வளவு குறைஞ்சும் உங்க ஓனர் ஏன் நம்ப மாட்டேங்கறார்?"

"அவர் எங்க காலையில வர்றார்? சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல உங்களைப் பாக்கறார். சேரும்போது இருந்த அதே தொப்பையோட நிக்கறீங்களாம். 'காசு வாங்கிட்டு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா'ன்னு என்னைப் பாத்துக் கத்தறார். ஏன் அண்ணே, காலையில இல்லாத வயிறு சாயங்காலம் எங்கேர்ந்து வருது?"

தொப்பையண்ணன் இருமினார்.

"வாயுதான். நாள் பூரா நின்னுக்கிட்டே வியாபாரம் பண்றேன்ல? சேர்ந்துடுது."

"உங்க வாயு என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுடும் போலிருக்கே! 'பொம்பளைப் பிள்ளைக்கு எடை தூக்கற வேலையா'ன்னு எங்க மாமா கேட்டார். ஜெயிச்சுக் காட்டறேன்னு சவால் விட்டுட்டு வந்தவ நான். அவர் முன்னாடி போய்த் தலை குனிஞ்சு நிக்கணுமா?"

"சேச்சே! ஓனரைக் காலையில வரச் சொல்லு. ஜம்முனு காட்டறேன்."

"இன்னைக்குச் சாயங்காலமே பாத்தாகணும்னு பிடிவாதமா இருக்கார்."

"சாயங்காலம் மட்டும் வேணாம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார் மனிதர்.

விடுகிற ரகமா அவள்? தன் பயிற்சி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வாயுவாவது மண்ணாவது, ஒரு இழுப்பில் ஓடிவிடும்!

கடை மூடுகிற நேரத்துக்கு ஓனரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்றாள். காவலாளி ஒவ்வொரு ஊழியரின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த தொப்பையண்ணன் கையில் பையும் இல்லை, டப்பாவும் இல்லை.

"நீங்க போங்க சார். உங்ககிட்ட என்னத்தைத் தேடறது? தொப்பையைத் தவிர என்ன இருக்கு?" என்று சிரித்தார் காவலாளி.

முதலில் தொப்பை வெளியே வந்தது. பின்னாலேயே அவர் வந்தார்.

"பாத்தியா?" என்றார் ஓனர். "இதுதான் நீ கரைச்ச லட்சணமா?"

"ஒரு நிமிஷம் சார். அண்ணே, ஒரே ஒரு தடவை ஓனருக்கு இழுத்துக் காட்டுங்க."

தொப்பையண்ணன் முகம் வெளிறிவிட்டது. "நடுத்தெருவுலயா? முடியவே முடியாது, மாஸ்டர். வழியை விடு."

"போதும்மா. நாளைக்கு நீ வர வேணாம்" என்று ஓனர் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் பார்த்துப் பழக்கிய வயிறு, அவளையே கைவிடுவதாவது? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பயிற்சிக் கூடமே அதிரும் அந்தக் குரலை எடுத்தாள்.

"மூச்சை விடுங்க!"

விட்டுவிட்டார்.

"இழுங்க!"

வேண்டாம், வேண்டாம் என்று அவர் மனசு அலறியது. வயிறு கேட்டால்தானே? ஒரே இழுப்பில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துணிப்பட்டை தளர்ந்து நழுவியது. அதில் வரிசையாகச் செருகியிருந்த புத்தம்புதுக் கைக்கடிகாரங்கள் சடசடவென்று காவலாளியின் காலடியில் கொட்டின.

"அடப்பாவி மனுஷா! கரைஞ்ச இடத்துல எல்லாம் தினமும் கடையை வெச்சு நிரப்பிக்கிட்டுப் போனியா?" என்று காவலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுத் திரும்பிய ஓனர், கீழே கிடந்த கடிகாரங்களைப் பார்க்கவே இல்லை. சட்டை தொளதொளத்துத் தொங்கிய அந்த வயிற்றையே வாய் பிளந்து பார்த்தார்.

"அடேங்கப்பா, நிஜமாவே உள்ள போயிடுச்சே! நீ நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா!"