துடைத்த திரை

"எல்லாரும் போனை அணைச்சாச்சு, அக்கா. இன்னும் திரை பூரா இரைச்சல்தான்" என்று சலித்துக்கொண்டான் செர்ஹாத்.

நிலநடுக்கத்தில் நொறுங்கிய அந்தத் துருக்கி அடுக்குமாடியின் மேல், இடிபாட்டுக்குள் மூச்சைத் தேடும் ரேடாரோடு இருவரும் நின்றிருந்தார்கள்.

"வைஃபை அலைதான். இந்தச் சனியனை ஒழிக்கத்தானே நாலு வருஷம் உசுர விட்டேன்!" நிஹான் தன் புது ஆன்டெனாவை மாட்டினாள். அதில் வரிசை வரிசையாகப் பதித்திருந்த செப்புச் சதுரங்கள் வைஃபை அலையை மட்டும் தடுத்துவிடும்.

"ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு. வைஃபை எங்கேருந்து வருது?"

"எங்கேருந்தோ வரட்டும், விடு."

திரை துடைத்தாற்போல் ஆனது. மூச்சின் அசைவும் இல்லை.

"யாருமில்ல. பொக்லைனை விடச் சொல்லு."

இருவரும் கீழே இறங்கியதும் பொக்லைன் மேல்தளத்தைப் பெயர்க்கத் தொடங்கியது. தலைமையகத்துக்குத் தகவல் சொல்ல, அணைத்திருந்த போனை மறுபடி இயக்கிய செர்ஹாத் வெளிறிப்போனான்.

"அக்கா... இங்க பாருங்க."

வைஃபை பட்டியலில் ஒரே ஒரு பெயர். ரேடார் எட்டாத ஆழத்திலிருந்து யாரோ தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பெயர்: 'நிலவறையில் மூணு பேர் உயிரோட இருக்கோம்.'

"நிறுத்துங்கடா!" நிஹான் அலறிக்கொண்டு ஓடினாள்.

தளம் சரிந்தது.

தூசி அடங்கியபோது, செர்ஹாத்தின் போனில் பட்டியல் காலியாக இருந்தது.