ஸ்பான்சர் நேரில் வரவேண்டும்

"விசா முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

கேட்டவர் குடியேற்ற ஆலோசகர். வருகிறவர்கள் அவரை 'விசா வாத்தியார்' என்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் படம் போட்டு விளக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எதிரே இருந்தவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. வேலை முடிந்து நேரே வந்திருந்தார். காலணியில் மாவு அப்பியிருந்தது. பக்கத்தில் அவரோடு வந்த பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"மறந்துட்டோம் சார்," என்றார் ரொட்டிக்காரர்.

"அடுப்புல வச்ச பாலை மறக்கலாம். விசாவை மறப்பாங்களா?"

"மாமாவை விடுங்க சார்," என்றாள் அவள். "இந்த மாசக் கடைசிக்குள்ள பேப்பர் காட்டலேன்னா வேலை கிடையாதுன்னுட்டாரு முதலாளி. அப்புறம் ஆளையே பிடிச்சு ஏத்திவிட்டுடுவாங்களாம். ஒரு வழி சொல்லுங்க."

வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு தாளை இழுத்து அதில் வீடு ஒன்றை வரைந்தார்.

"இந்த விசா ஒரு குடித்தனம் மாதிரிம்மா. இந்த நாட்டுக் குடியுரிமை வச்சிருக்கிறவங்க வீட்டுக்குச் சொந்தக்காரங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவர் குடியிருக்கிறவர். அவங்க 'சரி'ன்னு கையெழுத்துப் போடுற வரைக்கும்தான் இவர் இருக்கலாம். ஆக, சட்டப்படி பார்த்தா இவர் உங்களுக்கு வீட்டுக்காரர் இல்ல. நீங்கதான் இவருக்கு வீட்டுக்காரர்!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எதிரே இருவரும் சிரிக்கவில்லை.

"கையெழுத்துதானே சார்? இப்பவே போடுறேன்," என்றாள்.

"இங்க போட்டா செல்லாது. தாமதமானதுக்குக் காரணம் எழுதி மனு கொடுக்கணும். ஸ்பான்சர், அதாவது கையெழுத்துப் போடுற நீங்க, நேர்ல வரணும். பத்து விரலையும் வச்சு எடுத்து, குடியுரிமை வாங்கினப்போ கொடுத்த ரேகையோட ஒத்துப் பார்ப்பாங்க. ஏன்னு கேளுங்க. முகம் உப்பும், வத்தும். விரல் பொய் சொல்லாது."

"எனக்கு துணி வெளுக்கிற இடத்துல வேலை சார். மருந்துத் தண்ணியில ரேகையெல்லாம் தேஞ்சு கிடக்கு."

"தேஞ்சா விட்டுடுவாங்கன்னு நினைச்சீங்களா? பத்து நாள் கையில தண்ணி படாம வச்சிருந்து வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க."

ரொட்டிக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "வேற வழி இல்லையா சார்?"

"இல்லாம என்ன? நீங்களா கிளம்பிப் போயிடலாம். பிடிச்சு அனுப்பினா வருஷக்கணக்குல தடை. தானாப் போனா தடை குறையும். அங்கிருந்து புதுசா மனு போட்டுத் திரும்பி வரலாம்."

"அதுக்கு ரேகை வேணுமா?" அவள்தான் கேட்டாள்.

"வேணும்."

"குழந்தை இருந்தா?"

"இந்த நாட்டுக் குழந்தைன்னா அதை வச்சு இருக்கலாம். இருக்கா?"

அவள் தலையை வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரொட்டிக்காரர்தான், "இல்ல சார்" என்றார்.

"அப்ப இன்னொண்ணு. மனைவி அடிச்சு உதைச்சுக் கொடுமைப்படுத்தினா, அவங்க தயவு இல்லாமலே புருஷன் மனு போடலாம். என்ன, இந்தம்மா உங்களை அடிக்கிறாங்களா?"

"இனிமேதான் அடிக்கணும்," என்றாள் அவள், திரும்பாமலே.

வாத்தியார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இந்த மாதிரி சண்டைக்கோழித் தம்பதிகளை அவருக்குப் பிடிக்கும். பேசாமல் வந்து உட்காருகிறவர்களுக்குத்தான் விவாகரத்து ஆகும். அதில் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்.

"சார், ஸ்பான்சர் வந்து நிக்கவே முடியலேன்னு வைங்க," என்றாள் அவள். "அப்படி ஒரு வழிகூட சட்டத்துல இல்லையா?"

"இருக்கு. இருக்கிறதிலேயே சுலபமான வழி. ஆனா அது உங்களுக்கு ஆகாது."

"பரவால்ல, சொல்லுங்க."

சொல்லாமல் விட அவராலும் முடியாது. தாளில் இருந்த வீட்டுக்குள் ஒரே ஒரு ஆளை வரைந்தார்.

"மனைவி இறந்துபோயிட்டா. அழுதுகிட்டு நிக்கிறவனைப் பார்த்து மூட்டையைக் கட்டுன்னு சொல்லக் கூடாதும்மா. சட்டம் எழுதினவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. சம்பளம் எவ்வளவுன்னு கேக்க மாட்டான், ஸ்பான்சர் கேக்க மாட்டான். எந்த நாட்டுல இறந்திருந்தாலும் சரி, இறப்புச் சான்றிதழை நீட்டினா போதும். காலத்துக்கும் இங்கேயே இருந்துக்கோன்னு முத்திரை குத்திக் கொடுத்துடுவான்."

"இப்பக் கொண்டுவந்து கொடுத்தா?"

"ம்ஹூம். விசா உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும். அந்த ஒரே நிபந்தனைதான்." பேனாவை மூடினார். "அதெல்லாம் நமக்கு எதுக்கு? நீங்கதான் குத்துக்கல்லாட்டம் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களே!"

ரொட்டிக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா ஊருக்கு வந்த இடத்துல செத்துப்போனதை அன்னைக்கே சொல்லியிருந்தா போதுமாமே மாமா! அப்புறம் எதுக்கு அவ பாஸ்போர்ட்டை என் கையில கொடுத்து என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"