இரண்டு ஹார்ப்பர்கள்

அமெரிக்கப் பூங்கா ஒன்றில் இரண்டு சிலைகள் எதிரெதிரே நின்றன. இருவருக்கும் குடும்பப் பெயர் ஹார்ப்பர், உறவு கிடையாது. ஒருவர் குதிரையேறிய தளபதி, மற்றவர் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். குடும்பப் பெயரை மட்டும் எழுதுவது அந்த ஊர் வழக்கம். ஆண்டுதோறும் 'ஹார்ப்பருக்கு' என்று வந்த மலர்வளையம் தளபதிக்கே போனது.

"என் தண்ணியைக் குடிச்சிட்டு உனக்கு மாலையா? இந்த ஊர்ல ஹார்ப்பர்னா நான்தான்யா" என்று குடிநீர்க்காரர் தினமும் பொருமினார். தளபதி பதில் பேசியதே இல்லை.

அடிமைகளை வைத்திருந்த தளபதியின் சிலையை அகற்ற நகரசபை முடிவு செய்தது. உத்தரவில் 'ஹார்ப்பர் சிலை' என்று மட்டுமே எழுதினார்கள்.

"இதுல யாருய்யா ஹார்ப்பர்?" என்று கேட்டான் கிரேன்காரன்.

தளபதி முதன்முறையாக வாய் திறந்தார். "அவர்தான் தம்பி. தினமும் அவரே சொல்றாரே."