சுவரில் ஓர் ஆணி

புகழேந்திக்குச் சொந்த வீடு என்றாலே இளக்காரம். "வாடகைக்கு இருக்கணும், மிச்சத்தை முதலீடு பண்ணணும்" என்பார். மாப்பிள்ளை ஒரு வீடு வாங்க மாட்டாரா என்று கேட்டுக் கேட்டே மாமனார் போய்ச் சேர்ந்தார். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், அவர் படம் மாலையோடு வாஷிங் மெஷின் மேல் இருந்தது. மெஷின் சுற்றும்போதெல்லாம் மாமனார் தலையை ஆட்டுவார்.

அன்று மனைவி செண்பகா வீட்டைப் பராமரிக்கும் கணினி பேசுகிற சமையலறைச் சுவரிடமே கேட்டுவிட்டாள். "அப்பா படத்துக்கு ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

"உரிமையாளர்களைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றது சுவர்.

ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்த புகழேந்தியின் போன் சிணுங்கியது. அவர் பங்கு வாங்கியிருந்த, பலர் பணத்தில் வாடகை வீடுகள் வாங்கும் வீட்டு நிதியிலிருந்து கேள்வி: 'குடியிருப்பவர் ஆணி அடிக்க அனுமதி கேட்கிறார். சம்மதமா?'

எந்த ஊர்க் குடித்தனக்காரனோ! "இன்னிக்கு ஆணிம்பான், நாளைக்கு ஜன்னலையே பேத்துடுவான்" என்று முணுமுணுத்தபடி, வழக்கம்போல 'கூடாது' என்பதை அழுத்தினார்.

"மன்னிக்கவும். ஓர் உரிமையாளர் மறுத்துவிட்டார்" என்றது சுவர்.

"எவன் அந்தக் கடங்காரன்?"

"திரு. புகழேந்தி. இதே வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறார்."

சுத்தியலும் கையுமாக ஹாலுக்கு வந்த செண்பகா, கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பிப் போய், துணியே போடாமல் வாஷிங் மெஷினை ஓடவிட்டாள்.

மாமனார் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.